கட்டியை எடுத்தால் கசிவு நிற்குமா? கர்ப்பப்பைக் கட்டியும் சிறுநீர்ச் சிக்கலும்: ஒரு மதிப்பாய்வு

நாற்பதைக் கடந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிகிறது. அவருக்கே இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது; அல்லது அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, வந்தால் அடக்க முடிவதில்லை. முன்னதுதான் பின்னதற்குக் காரணமா? கட்டியையோ கர்ப்பப்பையையோ எடுத்துவிட்டால் சிறுநீர்த் தொல்லை தீருமா? மருத்துவம் இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகிறது. விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்டும் வந்திருக்கின்றன. அவற்றின் தோற்றம், வலிமை, போதாமை ஆகியவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பதும், தென்காசி, குற்றாலம் வட்டாரப் பெண்களின் வாழ்க்கைக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்று எடைபோடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி எழும் நிலம்

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், சுரண்டை, கடையநல்லூர் பகுதிகளில் பல்லாயிரம் பெண்களுக்குப் பீடி சுற்றுவதுதான் வருமானம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை தென்காசியில் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சித்த மருத்துவத்தை நம்புவோருக்கு 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி உண்டு. அதற்கும் முன்னே குற்றாலத்து மூலிகைக் கடைகள் உண்டு.

இத்தனை வாசல்கள் இருந்தும் சிறுநீர்க் கசிவைச் சொல்லிச் சிகிச்சை கேட்கும் பெண்கள் குறைவு. அதிக உதிரப்போக்கு என்றால் மருத்துவரிடம் போகிறார்கள். கசிவை வயதின் கோளாறு, பிள்ளை பெற்றதன் விளைவு என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். உதிரப்போக்குக்காக எடுத்த ஸ்கேனில் கட்டி தெரிந்த பிறகு, அதுவரை சொல்லாமல் வைத்திருந்த கசிவும் அந்தக் கட்டியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆராய வேண்டிய முடிச்சு இங்கேதான் விழுகிறது.

ஒரே அறையில் இரண்டு உறுப்புகள்

சிறுநீர்ப்பை கர்ப்பப்பைக்கு நேர் முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய திசு மட்டுமே உண்டு. நிறைந்த சிறுநீர்ப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். அது விரிய இடம் வேண்டும். கர்ப்பப்பையின் முன்சுவரில் கட்டி வளர்ந்தால் அந்த இடம் குறைகிறது. கொஞ்சம் நிறைந்ததுமே முட்டுகிறது.

கர்ப்பப்பைக் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ராய்டு எனப்படும் தசைநார்க் கட்டிகள். அவை புற்றுநோய் அல்ல. ஐம்பது வயதுக்குள் பெண்களில் பெரும்பான்மையோருக்குச் சிறிதோ பெரிதோ இத்தகைய கட்டி உருவாகிவிடுகிறது என்று 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது: வெள்ளையினப் பெண்களில் 70 விழுக்காட்டளவு, கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேல். இவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. மாதவிலக்கு நின்றபின் கட்டிகள் பொதுவாகச் சுருங்கத் தொடங்கும்.

இந்த எண்களில் முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. இவ்வளவு பரவலாகக் காணப்படும் கட்டியும், நடுவயதில் பரவலாக வரும் சிறுநீர்க் கசிவும் ஒரே பெண்ணிடம் தற்செயலாகச் சேர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சேர்ந்திருப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று ஆகிவிடாது.

சிறுநீர்ச் சிக்கலும் ஒரே வகையானதல்ல. இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல் ஆகியவற்றின்போது கசிவது அழுத்தக் கசிவு. திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் நனைந்துவிடுவது அவசரக் கசிவு. கசிவே இல்லாமல் அடிக்கடி போக வேண்டியிருப்பது மூன்றாவது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது நான்காவது. பழைய ஆய்வுகள் பலவும் இவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகவே எண்ணின. 2002இல் சர்வதேசக் கண்டினென்ஸ் சங்கம் சொற்களுக்கு வரையறை தந்தபிறகுதான் ஒப்பிடக்கூடிய தரவுகள் பெருகின.

முதல் நிலைப்பாடு: கட்டியே காரணம்

இது மிகப் பழைய கருத்து. பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்கள் கர்ப்பப்பையில் உண்டாகும் கல் போன்ற கட்டிகளைப் பேசுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ இந்தக் கட்டிகள் கர்ப்பப்பையின் தசையிலிருந்தே பிறப்பவை என்று நுண்ணோக்கி வழியே காட்டினார். கட்டி அழுத்துகிறது, அழுத்தப்பட்ட சிறுநீர்ப்பை தவிக்கிறது என்ற விளக்கம் எளிமையானது. கையால் தொட்டு உணரக் கூடியது. அதனாலேயே நிலைத்தது.

சில நிலைமைகளில் இந்த விளக்கம் முழுக்கச் சரி. கர்ப்பப்பையின் பின்பக்கத்தில் வளரும் பெரிய கட்டி, கர்ப்பப்பை வாயை முன்னோக்கித் தள்ளிச் சிறுநீர் வழியை அடைத்துவிடுவது உண்டு. காலையில் எழுந்தால் வயிறு உப்பி வலிக்கும். சிறுநீர் ஒரு சொட்டும் இறங்காது. இது அவசர நிலை. குழாய் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டி வளர்ந்த கட்டிகள், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்களை அழுத்திச் சிறுநீரகத்தை வீங்க வைப்பதும் உண்டு. இதில் வலியே இல்லாமல் போகலாம் என்பதால் பெரிய கட்டி உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்வது அவசியம்.

ஆனால் கசிவைப் பொறுத்தவரை இந்த நிலைப்பாடு தடுமாறுகிறது. 1990இல் லேங்கர் குழுவினர் வெளியிட்ட சிறிய ஆய்வு இதில் திருப்புமுனை. பெரிய கட்டி உள்ள 14 பெண்களுக்கு ஆறு மாதம் ஹார்மோன் ஊசி போட்டுக் கர்ப்பப்பையின் பருமனை 55 விழுக்காடு குறைத்தார்கள். அடிக்கடி போவது, இரவில் எழுவது, அவசர உணர்வு ஆகிய மூன்றும் குறைந்தன. அழுத்தக் கசிவும் அவசரக் கசிவும் குறையவில்லை. பதினான்கு பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. கட்டியைச் சுருக்கும் ஊசி ஈஸ்ட்ரோஜனையும் குறைப்பதால் அதன் விளைவும் கலந்திருக்கலாம். எனினும், கட்டி சுருங்கினால் எது மாறும், எது மாறாது என்று பிரித்துக் கேட்டதே இந்த ஆய்வின் பெறுமதி.

இரண்டாவது நிலைப்பாடு: தாங்கும் தசையே காரணம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்வை கட்டியிலிருந்து இடுப்பின் அடித்தளத்துக்கு இறங்கியது. அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் கெல்லி சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தைத்து இறுக்கும் அறுவையை முன்வைத்தார். 1923இல் லண்டன் மருத்துவர் விக்டர் போனி, பகலில் சிறுநீர் கசியும் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், சிறுநீர்ப்பையைத் தாங்கும் படலத்தின் முன்பகுதி தளர்வதே கோளாறு என்று வாதிட்டார். இதே போனிதான் கர்ப்பப்பையை எடுக்காமல் கட்டிகளை மட்டும் அகற்றும் முறையின் முன்னோடி. கட்டிகளை நூற்றுக்கணக்கில் கண்ட ஒருவர் கசிவின் காரணத்தை வேறிடத்தில் தேடியது கவனிக்கத்தக்கது.

1948இல் ஆர்னல்ட் கெகல் அறுவையில்லாமல் அந்தத் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்றார். இன்று அவர் பெயரிலேயே வழங்கும் பயிற்சி அதுதான். 1994இல் ஜான் டிலான்சி இதற்கு உடற்கூற்று விளக்கம் தந்தார்: சிறுநீர்க்குழாய் ஒரு தொட்டில்போன்ற திசுப்படுகையின் மேல் கிடக்கிறது. தண்ணீர் ஓடும் ரப்பர் குழாய் சேற்றில் கிடந்தால் மிதித்தாலும் அமுங்கிக்கொண்டே போகும், நீர் நிற்காது. கெட்டித் தரையில் கிடந்தால் மிதித்ததும் நின்றுவிடும். படுகை தளர்ந்த பெண்ணுக்கு இருமலின் அழுத்தம் குழாயை மூடுவதில்லை.

இந்தத் தளர்ச்சிக்குப் பிரசவம் ஒரு முக்கியக் காரணம் என்பதற்கு வலுவான சான்று நார்வேயிலிருந்து வந்தது. 2003இல் வெளியான அந்தப் பேராய்வில், பிள்ளை பெறாதவர்களில் 10.1 விழுக்காட்டினருக்கும், அறுவைப் பிரசவம் மட்டும் ஆனவர்களில் 15.9 விழுக்காட்டினருக்கும், சுகப்பிரசவம் ஆனவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் கசிவு இருந்தது. இதை வைத்து அறுவைப் பிரசவமே காப்பு என்று சொல்லிவிட முடியாது. பிள்ளையே பெறாதவர்களிலும் பத்தில் ஒருவருக்குக் கசிவு இருக்கிறது. உடல் எடை, வயது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் இதில் சேர்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவையால் நடந்தன. அந்த எண் இவ்வளவு உயர்ந்தும் கசிவுச் சிக்கல் தமிழ்நாட்டுப் பெண்களை விட்டு அகலவில்லை.

தசைக் கொள்கையின் போதாமை அவசரக் கசிவில் வெளிப்படுகிறது. அங்கே கோளாறு பெரும்பாலும் சிறுநீர்ப்பையின் தசை வேளை தவறிச் சுருங்குவதில் இருக்கிறது. தண்ணீர் விழும் ஓசை கேட்டாலே, குளிர்ந்த நீர் கைபட்டாலே முட்டிக்கொண்டு வருவது இந்த வகையின் அடையாளம். சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியின் பெண்கள் பகுதியில் நிற்கும் ஒருவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நேர்கின்றன. இது அருவி தந்த நோயல்ல. முன்பே இருந்த கோளாறு அங்கே தெரியவருகிறது, அவ்வளவே.

மூன்றாவது நிலைப்பாடு: கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்

1843இல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே வேறு கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தபோது ஃபைப்ராய்டு நிறைந்த கர்ப்பப்பையைக் கண்டு அதை அகற்றினார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. 1853இல் அமெரிக்காவில் வால்டர் பர்ன்ஹாம் செய்த அறுவையில்தான் நோயாளி உயிர் பிழைத்தார். மயக்க மருந்தும் இரத்தம் ஏற்றும் வசதியும் வளர வளர, உயிரைப் பணயம் வைத்த இந்த அறுவை அன்றாடச் சிகிச்சையானது. பிள்ளைப்பேறு முடிந்தவருக்குக் கர்ப்பப்பை எதற்கு என்ற எண்ணமும் அதோடு பரவியது.

சிறுநீர்க் கட்டுப்பாட்டை இந்த அறுவை என்ன செய்கிறது? இங்கேதான் ஆய்வுகள் எதிரெதிராக நிற்கின்றன. 2002இல் தாக்கர் குழுவினர் லண்டனில் 279 பெண்களிடம் நடத்திய ஆய்வில், கர்ப்பப்பையை முழுதாக எடுத்தாலும் வாய்ப்பகுதியை விட்டுவைத்து எடுத்தாலும், ஓராண்டுக்குப் பின் அடிக்கடி போவதும் இரவில் எழுவதும் அழுத்தக் கசிவும் குறைந்திருந்தன. மாறாக, 2000இல் பிரவுன் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்ட பெண்கள் அறுபது வயதைக் கடந்தபின் அவர்களுக்குக் கசிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2007இல் சுவீடனின் முப்பதாண்டுப் பதிவேடுகளை அலசிய ஆல்ட்மன் குழுவினர், கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்கள் பின்னாளில் அழுத்தக் கசிவுக்காக இன்னொரு அறுவைக்குப் போகும் ஆபத்து 2.4 மடங்கு என்று கண்டார்கள்.

இந்த முரணை ஓரளவு இணக்கப்படுத்தலாம். ஓராண்டு ஆய்வு, கட்டியின் அழுத்தம் நீங்கிய ஆறுதலை அளக்கிறது. முப்பதாண்டு ஆய்வு, தாங்கும் திசுக்களும் நரம்புகளும் அறுபட்டதன் நீண்டகால விலையை அளக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் பதிவேட்டு ஆய்வுக்கும் குறை உண்டு: கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் முன்பிருந்தே பலவீனமான இடுப்புத்தளம் உடையவர்களாக இருந்திருக்கலாம், ஒருமுறை அறுவைக்குப் போனவர் மறுமுறையும் போகத் தயங்காதவராக இருக்கலாம். காரணகாரியத்தை உறுதிசெய்ய இது போதாது, எச்சரிக்கைக்குப் போதும்.

அறுவைக்குப் பின் சில நாள்களில் தொடங்கி இரவும் பகலும் ஓயாமல் சொட்டினால் அது வேறு வகை. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழுந்திருக்கக்கூடும். அரிதான இந்தச் சிக்கலைத் தைத்துச் சரிசெய்ய முடியும். வயதின் கோளாறு என்று பொறுத்திருப்பது தவறு.

இந்தியாவில் இந்த நிலைப்பாட்டின் சமூக விளைவு பெரிது. 2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கர்ப்பப்பையை இழந்திருப்பதைக் காட்டியது. ஆந்திரத்தில் அது 8.9, தெலங்கானாவில் 7.7. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கர்ப்பப்பை அகற்றப்பட்ட கரும்பு வெட்டும் பெண்களின் நிலை 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றல்களுக்கு எதிராக மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று, மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பீட் மாவட்டத்தின் கரும்பு வெட்டும் பெண்ணுக்கும் ஆலங்குளத்தின் பீடி சுற்றும் பெண்ணுக்கும் பொதுவான ஒன்று உண்டு: இருவருக்கும் உடம்புக்கு முடியாத நாள் என்பது கூலி இல்லாத நாள். ஒரேயடியாகத் தொல்லையை முடித்துவிடலாம் என்ற வாக்குறுதி அத்தகையோரைத்தான் எளிதில் வெல்கிறது.

இடைவழிகள்

கர்ப்பப்பையைக் காத்துக்கொண்டே கட்டியைக் கையாளும் வழிகள் வளர்ந்திருக்கின்றன. போனி காலத்துக் கட்டி நீக்கம் இன்று லேப்ராஸ்கோப்பி வழியே நடக்கிறது. 1995இல் பாரிஸின் ராவினா குழுவினர், கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்து அதைச் சுருக்கும் முறையை அறிமுகப்படுத்தினர். கனடாவின் ஒன்டாரியோவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், இம்முறைக்குப் பின் 86 விழுக்காட்டினருக்கு அடிக்கடி போகும் தொல்லையும் அவசர உணர்வும் குறைந்தன. அந்த ஆய்வில் ஒப்பிட இன்னொரு குழு இல்லை என்பதை மறக்கக் கூடாது. உதிரப்போக்கு மட்டுமே தொல்லை என்றால் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் கருவியும் மாத்திரைகளும் உண்டு. யுலிப்ரிஸ்டல் மாத்திரை கட்டியைச் சுருக்குவதில் நம்பிக்கை தந்தது. கல்லீரல் பாதிப்பு தெரியவந்ததால் 2020இல் ஐரோப்பா அதை நிறுத்திவைத்துப் பின்னர் கடும் கட்டுப்பாட்டோடுதான் அனுமதித்தது.

கசிவின் பக்கத்தில் சான்று மிகத் தெளிவாக இருப்பது பயிற்சிக்குத்தான். 2018இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி, அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் இடுப்புத்தளப் பயிற்சி செய்தவர்கள் குணமானதாகச் சொல்லும் வாய்ப்பு, செய்யாதவர்களைவிட எட்டு மடங்கு. முறையும் எளிது. சிறுநீரையும் காற்றையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்தசையை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. சில விநாடி பிடித்து விட்டு, எட்டு முறைக்குக் குறையாமல், நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். பலர் இழுப்பதற்குப் பதிலாக முக்கிவிடுகிறார்கள். அது நிலைமையை மோசமாக்கும். ஒருமுறையாவது செவிலியரோ பிசியோதெரபிஸ்டோ சரிபார்ப்பது அதனால்தான் அவசியம். பருமனான பெண்களிடம் 2009இல் நடந்த அமெரிக்க ஆய்வில், எடையில் 8 விழுக்காடு குறைத்தவர்களுக்குக் கசிவு 47 விழுக்காடு குறைந்தது. ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு அது 28 விழுக்காடு. அவசரக் கசிவுக்குக் கழிப்பறைக்குப் போகும் இடைவெளியைக் கால் மணி நேரம் கால் மணி நேரமாக நீட்டிப் பழகுவதும், தேவைப்பட்டால் மாத்திரையும் உதவுகின்றன.

குற்றாலத்து மூலிகை

பெரும்பாடு, நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு என்று பெண்ணின் அடிவயிற்று நோய்களைச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகப் பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. சிறுநீர்ச் சிக்கல் ஒரே நோயல்ல என்ற புரிதல் அங்கே இருந்தது. கழற்சிக்காய், அசோகப் பட்டை, நெருஞ்சில், சிறுபீளை முதலியவை இன்றும் கேட்டு வாங்கப்படுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நெருஞ்சிலும் சிறுபீளையும் சிறுநீரைப் பெருக்குபவை. நீர் சரியாக இறங்காமல் எரிச்சலோடு போகிறவர்களுக்கும் கல்லடைப்பு உள்ளவர்களுக்கும் மரபு அவற்றைப் பரிந்துரைத்தது. அடிக்கடி போய்ச் சலித்த, அடக்க முடியாத பெண் அதையே குடித்தால் தொல்லை கூட வாய்ப்பு அதிகம். பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நோயைப் பகுத்தே மருந்து தருவார். அருவிக்கு வந்த இடத்தில் கடையில் பொட்டலம் வாங்குவதில் அந்தப் பகுப்பு இல்லை. ஃபைப்ராய்டைச் சித்த மருந்துகள் சுருக்குகின்றனவா என்பது, போதிய எண்ணிக்கையில் நோயாளிகளை ஒப்பிட்டு, ஸ்கேனால் அளந்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி. பாளையங்கோட்டைக் கல்லூரியும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் அத்தகைய கூட்டாய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது கடினம்.

நான்காவது பார்வை: உழைப்பும் கழிப்பறையும்

மேலே கண்ட மூன்று நிலைப்பாடுகளும் உடலுக்குள்ளேயே நிற்கின்றன. பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், எப்போது எழ முடிகிறது என்று அவை கேட்பதில்லை.

பீடி வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நனைத்துத் துணியில் சுற்றிவைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரியால் வெட்டிக்கொண்டு, மடியில் சுளகு வைத்து, அதில் புகையிலைத் தூளைப் பரப்பி, ஒவ்வோர் இலையாகத் தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. சுளகை இறக்கிவைத்து எழுந்தால் கை ஓட்டம் அறுகிறது; இலை காய்கிறது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும், வந்ததை அடக்குவதும் பழக்கமாகின்றன. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும். தொற்றும் மலச்சிக்கலும் எளிதில் வரும். புகையிலைத் தூளால் வரும் இருமல் ஒவ்வொரு முறையும் இடுப்புத்தளத்தை அழுத்துகிறது.

இந்தப் பார்வையின் வலிமை, மாற்றக்கூடிய காரணங்களை அது காட்டுவது. அதன் பலவீனம், ஒவ்வொரு கண்ணிக்கும் மருத்துவ நியாயம் இருந்தாலும், பீடி சுற்றுவதால் கசிவு வருகிறது என்று நிறுவும் அளவுக்குத் தரவு திரளாதது. ஃபைப்ராய்டோடு இந்த வேலைக்குத் தொடர்பு உண்டென்று சொல்வதற்கு அதைவிடவும் ஆதாரம் குறைவு. கட்டியின் பிறப்பில் மரபணு மாற்றம் பெரும்பங்கு வகிக்கிறது: 2011இல் மெட்12 என்ற மரபணுவின் பிறழ்வு ஏறக்குறைய 70 விழுக்காடு கட்டிகளில் கண்டறியப்பட்டது. எல்லாவற்றையும் உழைப்பின் மேல் ஏற்றுவதும் எல்லாவற்றையும் கட்டியின் மேல் ஏற்றுவதைப் போன்ற பிழையாகவே முடியும்.

அடிக்கடி போவதற்குச் சர்க்கரை நோயும் காரணமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் சுமார் 14 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. ஸ்கேனில் கட்டி தெரிந்ததும் சர்க்கரையைப் பார்க்காமல் விடுவது, அடிக்கடி நேரக்கூடிய, எளிதில் தவிர்க்கக்கூடிய தவறு.

மதிப்பீடு

இதுவரை திரண்ட சான்றுகள் சில முடிவுகளைத் தாங்கும். பெரிய கட்டி, குறிப்பாக முன்சுவர்க் கட்டி, அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்யும். கட்டி சுருங்கினால் அது குறைய நல்ல வாய்ப்பு உண்டு. சிறுநீர் அடைப்பும் சிறுநீரக வீக்கமும் கட்டிக்குச் சிகிச்சையை அவசரமாக்குபவை. இருமினால் கசிவது பெரும்பாலும் இடுப்புத்தளத்தின் கோளாறு. கட்டி அதற்கு உடந்தையாக இருக்கலாம், முதற்காரணமாக இருப்பது அரிது. எனவே கசிவை நிறுத்துவதற்கென்று கர்ப்பப்பையை எடுப்பதற்கு நியாயம் போதாது. கடும் உதிரப்போக்கு, இரத்தசோகை, வேகமாக வளரும் பெரிய கட்டி போன்ற காரணங்களால் அறுவை தேவைப்படும் பெண்ணுக்கு அதைத் தள்ளிப்போடவும் இந்தச் சான்றுகள் இடம்தருவதில்லை.

திறந்திருக்கும் கேள்விகளும் உண்டு. எந்த அளவுக் கட்டியிலிருந்து, எந்த இடத்துக் கட்டியால் சிறுநீர்ப்பை பாதிக்கப்படுகிறது என்பதற்குத் தெளிவான எல்லைக்கோடு இல்லை. முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை இழந்த இந்தியப் பெண்ணின் அறுபதாம் வயதுச் சிறுநீர்க் கட்டுப்பாட்டைச் சுவீடன் தரவுகளைக் கொண்டு கணிப்பது சரியா என்பது விவாதத்துக்குரியது. குந்தி உட்காரும் பழக்கம், கனமான வேலை, இளவயதுப் பிரசவம் ஆகியவை மேற்குலக ஆய்வுகளின் கணக்கில் ஏறக்குறைய இல்லாதவை.

ஆய்வுகள் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீடுதேடி ஊழியர்கள் வருகிறார்கள். பிசியோதெரபியும் அதன் பகுதி. இருமும்போது கசிகிறதா, அவசரமாக வருகிறதா என்ற இரண்டு கேள்விகளை அவர்களின் பட்டியலில் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. தென்காசி மாவட்டத்தில் அதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

வாசிக்கும் பெண்களுக்கு: மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாள்கள் எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்தத் தொல்லைக்காக, வேறு வழி பார்த்தாயிற்றா, எடுத்தபின் கசிவு நிற்குமா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடை தெளிவாக இல்லையென்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை.